குழந்தைக்கும் பிரஷர் வரும்



2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது நம்ம மாதிரி குழுக்களில் இருந்துதான் தன்னார்வலர்களை எடுத்தார்கள். அதில் நானும் ஒருத்தி. சிதம்பரம் பக்கம் எங்க ஊரில் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்ப்பேன். எல்லாம் பெரியவங்களுக்கு. குழந்தைக்குப் பிரஷர் வருமா என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

என் அக்கா மகனுக்கு 7 வயசு. காலெல்லாம் சிரங்கு வந்து ஆறி மூணு வாரம் இருக்கும். ஒருநாள் காலையில் முகம் வீங்கி, கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒன்னுக்கு கடுங்காப்பி நிறத்தில் போனது. தலைவலி என்று அழுதான். அக்கா பூச்சிக்கடி என்றாள். நான் பையில் இருந்த மிஷினைக் கட்டிப் பார்த்தேன். 110/70. பெரியவங்களுக்கு இதைவிட நல்ல அளவு ஏது? "ஒண்ணுமில்லக்கா, படுக்க வை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வாந்தி. சிதம்பரத்துக்கு ஓடினோம். குழந்தை டாக்டர் சின்னப் பட்டையைக் கட்டிப் பார்த்தாங்க. 132/90! பெரியவங்க பட்டையைச் சின்னக் கையில் சுத்தினால் பிரஷரைக் குறைச்சுக் காட்டுமாம். அதோட, 13 வயசுக்குள்ள பிள்ளைக்கு நம்ம கணக்கு செல்லாது. வயசு, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்து அட்டவணையில் தேடணும். 13க்கு மேலேதான் 130/80 கணக்கு.

சிரங்குக் கிருமியை எதிர்க்கப்போய் உடம்பே சிறுநீரகத்தைப் புண்ணாக்கிவிட்டது. உப்பில்லாத சாப்பாடு, அளந்து தண்ணீர், நீர் பிரிய மருந்து, பிரஷருக்கு மருந்து. இன்னும் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம் என்றார்கள். எட்டு நாளில் வீட்டுக்கு வந்தான். சில வாரத்தில் மாத்திரையும் நின்றது.

சின்னப் பிள்ளைகளுக்குப் பிரஷர் என்றால் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் காரணம் இருக்கும். வளர்ந்த பிள்ளைகளுக்கு உடல் எடை. அவங்களுக்கு ஒரு தடவை அளவு கூடினதும் பயப்பட வேண்டாம். வெவ்வேறு நாளில் மூணு தடவை பார்த்துத்தான் முடிவு சொல்வாங்க. தலைவலி, வீக்கம் இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஓடி விளையாடணும், உப்பு குறையணும். முதுநகர் கருவாடு நமக்கு உசுருதான், நானும் ஒத்துக்கறேன். ஆனா அப்பளம், ஊறுகாய், பாக்கெட் சிப்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே தட்டில் வேண்டாம்.

அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தடவை மருத்துவக் குழு வரும். சின்னப் பட்டை இருக்கா என்று கேளுங்க. என் பையில் இன்னும் பெரிய பட்டைதான். குழந்தைகளுக்கு அதை நான் கட்டறதில்லை, நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறேன்.