பொனற்றைத் திறந்து பாருங்கோ

(எமது சங்கத்தின் பங்குனி மாத ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நான் அரசியலும் பேசவில்லை, இலக்கியமும் பேசவில்லை. கார்தான் விஷயம். இந்த இங்கிலாந்திலே எங்கடை ஆட்களில் கனபேருக்குக் கார் என்றால் சோறு. பெற்றோல் ஸ்ரேசனில் நடுச்சாமத்தில் வேலை முடிகிறவர், சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற தம்பிமார், விடியப்புறம் வயோதிபர்களைப் பராமரிக்க வீடு வீடாகப் போகிற அக்காமார், இவர்களுக்கெல்லாம் லைசென்ஸ் போனால் வேலையும் போகும்.

லைசென்ஸ் எப்படிப் போகும்? குடித்துவிட்டு ஓடினால் போகும் என்பீர்கள். தேய்ந்த ரயராலும் போகும், கேளுங்கோ. ரயரின் நடு முக்கால்வாசி அகலத்தில், சுற்றிவர எல்லா இடத்திலும், பள்ளம் 1.6 மில்லிமீற்றராவது இருக்கவேணும் என்பது சட்டம். குறைந்தால் ஒரு ரயருக்கு 2,500 பவுண்ஸ் வரை தண்டம், அதோடு 3 புள்ளி. இரண்டு ரயர் தேய்ந்திருந்தால் 6 புள்ளி வரை வரலாம். 1997 முதல் உள்ள விதிப்படி, சோதனை பாஸ் பண்ணி இரண்டு வருஷத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. திரும்பவும் 'எல்' தகடு ஒட்டி, தியறிச் சோதனையில் இருந்து தொடங்கவேணும். இலங்கை லைசென்ஸை இங்கே மாற்றித் தரமாட்டார்கள்தானே. ஆகவே ஊரிலே இருபது வருஷம் லொறி ஓடின அண்ணையும் இங்கே முதல் இரண்டு வருஷம் புதுச் சாரதிதான்.

"கார் மச்சான்ரை, எனக்குத் தெரியாது" என்று பொலிசிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. ஸ்ரியறிங்கைப் பிடித்திருக்கிறவரும் பொறுப்பு. "போன மாதந்தான் எம்.ஓ.ரி. பாஸ் பண்ணினது" என்பதும் எடுபடாது. அந்தச் சோதனை அன்றைக்கு, அந்த நேரத்தில் கார் குறைந்தபட்ச அளவில் பாதுகாப்பாக இருந்தது என்று மட்டுமே சொல்கிறது. எஞ்சின், கிளச், கியர்பொக்ஸ் எந்த நிலையில் இருக்கின்றன என்று அதிலே பார்ப்பதே இல்லை. இது தெரியாமல் எத்தனையோ பேர் "எம்.ஓ.ரி. ஒரு வருஷம் கிடக்குது" என்ற ஒரு சொல்லை நம்பிப் பழைய கார் வாங்குகினம். வாங்கமுன் நம்பர் தகட்டு இலக்கத்தை அரசாங்க இணையத்தளத்தில் அடித்தால், அந்தக் கார் முந்தி எதிலே பெயில் விட்டது, எத்தனை மைல் ஓடியிருந்தது எல்லாம் இலவசமாக வரும். பாஸ் பண்ணினாலும் "இது கெதியில் தேயும்" என்று எழுதியிருப்பார்கள். அதை வாசியுங்கோ. அடுத்த வருஷச் செலவு அதிலேதான் இருக்கிறது.

ரயரைப் பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு 20 பென்ஸ் குற்றியைப் பள்ளத்துக்குள் நிமிர்த்தி வையுங்கோ. குற்றியின் கரைப்பட்டை வெளியே தெரிந்தால், அன்றைக்கே கராஜில் அளந்து பார்க்கவேணும். ஒரு இடத்தில் வைத்துவிட்டு எழும்பாதேயுங்கோ. உள்பக்கந்தான் கூடத் தேய்கிறது, வெளியில் நின்று பார்த்தால் தெரியாது. காற்று எவ்வளவு என்பது சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்திலோ, பெற்றோல் மூடிக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கும். ரயர் சூடாக முதல் அடிக்கவேணும். ஓடிவந்த சூட்டில் அளந்தால் கூடுதலாகக் காட்டும்.

பாவித்த ரயர் மலிவு என்று வாங்குகிறோம். புதிதிலே 8 மில்லிமீற்றர் அளவு பள்ளம் இருக்கும். பாவித்ததை விற்பதென்றால் 2 மில்லிமீற்றராவது இருக்கவேணும், 'பார்ட் வோர்ன்' என்று அதில் பொறித்திருக்கவும் வேணும். பக்கச் சுவரிலே நாலு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. 2 மில்லிமீற்றரில் வாங்கி 1.6இல் எறிவதென்றால், அது என்ன மலிவு?

இனி ஒயில். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயிலே கார் ஓடின சனம் நாங்கள். ஸ்ராட் பண்ணக் கொஞ்சம் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய். ஏ-40க்கும் மொறிஸ் மைனருக்கும் இல்லாத சாமானைத் தாங்களே செய்து பூட்டின ஆட்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கினம். அப்படிப்பட்ட மனிசர் இங்கே, "எல்லாம் கொம்பியூட்டர், கை வைக்கேலாது" என்று பொனற்றையே திறக்கிறதில்லை. ஒயில் குச்சிக்குக் கொம்பியூட்டர் வேண்டாம். (சில புதுக் கார்களுக்குக் குச்சியே இல்லை, திரையில்தான் பார்க்கவேணும். அது வேறை.) சமதரையில் நிற்பாட்டி, எஞ்சினை நூர்த்துப் பத்து நிமிஷம் விட்டு, குச்சியை இழுத்துத் துடைத்து, திரும்ப விட்டு எடுத்துப் பாருங்கோ. இரண்டு குறிக்கும் இடையில் நிற்கவேணும். கீழ்க்குறியிலிருந்து மேல்குறிக்கு அநேகமான கார்களில் ஏறக்குறைய ஒரு லீற்றர். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்க்கவேணும். கூடினாலும் கேடு. சிவப்பு எண்ணெய்க்குப்பி லைற் எரிந்தால் "வீடு கிட்டத்தானே" என்று ஓடாதேயுங்கோ. ஓரமாக நிற்பாட்டி எஞ்சினை நூர்க்கவேணும். அந்த ஒரு மைலில் முழு எஞ்சினும் போய்விடும்.

கூலன்ற் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது, கொதிதண்ணீர் முகத்தில் அடிக்கும். இன்னொன்று, குறைந்தால் பைப் தண்ணியை ஊற்றுகிற பழக்கம். ஊரிலே சரி. இங்கே மாரியில் அது உறைந்து பருத்து எஞ்சினையே வெடிக்கப்பண்ணும். புத்தகத்தில் சொன்ன வகையை, சொன்ன அளவில் விடுங்கோ. கண்ணாடி கழுவுகிற தண்ணியும் அப்படியே, மாரிக்கென்று விற்கிறதை விடவேணும்.

சில்லு மாற்றுவதென்றால் நட்டுகளைக் காரை உயர்த்தமுன் இளக்கி, இறக்கினபின் இறுக்கவேணும். ஜக்கில் நிற்கிற காருக்குக் கீழே தலை வைக்கக்கூடாது. ஒரு நட்டுக்குத் தனிச் சாவி இருக்கும். அது எங்கே கிடக்கிறது என்று இன்றைக்கே தேடிப்பாருங்கோ. பழைய காரில் அது காணாமல் போயிருக்கும், மழைக்குள் நிற்கும்போதுதான் தெரியவரும். மோட்டர்வேயில் நின்றுவிட்டால் இந்த வேலை ஒன்றும் வேண்டாம். முடிந்தவரை இடப்பக்கக் கதவால் இறங்கி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தடுப்புக்கு அங்காலே போய் நின்று போன் பண்ணுங்கோ.

பிரேக், ரைமிங் பெல்ற், மின்சாரக் காரின் செம்மஞ்சள் வயர், இவை எங்கடை வேலை இல்லை. தெரிந்தவரிடம் விடவேணும். விடும்போது செலவை எழுதி வாங்குங்கோ, கழற்றின பழைய சாமானைத் தரச்சொல்லிக் கேளுங்கோ. அப்படிக் கேட்கிறவரிடம் பொய்க்கணக்குக் காட்டுவது கஷ்டம். எங்கடை ஆளின் கராஜ் என்றாலும் கேட்கலாம், அதில் வெட்கமில்லை.

அக்காமாருக்கு ஒன்று. "அதை இவர் பார்ப்பார்" என்று இருக்காதேயுங்கோ. காலை ஐந்து மணிக்குத் தனியே காரெடுக்கிறது நீங்கள், இவர் அப்ப நித்திரை.

என்ரை கார் கீழே பொனற் திறந்தபடி நிற்கிறது. ஒயில் குச்சியை ஒவ்வொருவராக இழுத்துப் பார்க்கலாம். 20 பென்ஸ் வைத்திருக்கிறவர்கள் முதலில் தங்கடை ரயரைப் பார்த்துவிட்டு வாருங்கோ. தேத்தண்ணி அதற்குப் பிறகு.