விடுமுறைக்குப் பின் அடுக்களை



பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் இன்று ஆங்காங்கே காணப்படுகின்றன. அவர்களுக்குக் கோடை விடுமுறை முடியும் வாரம் எளிதானதன்று. பள்ளி செல்லும் பிள்ளைகளை மணியோசை நெறிப்படுத்திவிடும். இங்கோ மணி அடிப்பவரும் பாடம் சொல்பவரும் உலை வைப்பவரும் பெரும்பாலும் ஒரே தாய்தான். பாட்டி ஊரிலிருந்தோ, மேல்சித்தாமூர், திருமலை முதலிய தலங்களிலிருந்தோ திரும்பிய மறுநாளே எல்லாப் பாடங்களையும் தொடங்கினால், புதன்கிழமைக்குள் அத்தாய் சோர்ந்துபோகிறாள்.

வாரம் முழுமைக்கும் வேண்டியதை ஞாயிறன்றே சமைத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம் என்று பலரும் அறிவுரை கூறுவர். முதல்நாள் சமைத்ததை மறுநாள் உண்ணாத சமண இல்லத்துக்கு அது பொருந்தாது. இங்கு முன்கூட்டிச் செய்யத்தக்கது சமையலன்று, அதற்கான ஆயத்தமே.

அவ்வாயத்தம் மாவு டப்பாவில் தொடங்குகிறது. அரைத்த மாவைக் குளிர்காலத்தில் 7 நாளும், கோடையில் 5 நாளும், மழைக்காலத்தில் 3 நாளுமே பயன்படுத்துவது மரபு. ஒரு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டின் மாவு இக்கணக்கில் நில்லாது. ஊருக்குப் புறப்படும் முன்பே மாவைத் தீர்த்துவிட்டவள் பாதி வேலையை முடித்தவள். அடுத்தது பருப்பும் பயறும். வண்டு பற்றியிருந்தால் வெயிலில் கொட்டிவிடலாகாது. நிழலில் முறத்தில் பரப்பி, உயிர்களை மெல்ல ஒதுக்கிவிட வேண்டும். பொறுமை வேண்டும் இவ்வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். அன்றைய உயிரியல் பாடத்துக்குத் தனியே புத்தகம் திறக்க வேண்டியதில்லை.

இனி நேரம். வந்தவாசிப் பக்கத்தில் ஜூன் தொடக்கத்தில் கதிரவன் மறைவது ஏறத்தாழ 6.35 மணிக்கு. மறைவுக்கு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், முன்பே உண்டு முடிப்போர் 5.45க்கு இலையை விட்டு எழ வேண்டும். நவம்பர் இறுதியிலோ மறைவு 5.40க்கே வந்துவிடும், உணவு 4.50க்குள் முடிய வேண்டும். ஆகவே கால அட்டவணையை மாலை உணவிலிருந்து பின்னோக்கி வகுப்பதே முறை. நான்கு மணிக்குக் கணக்குப் பாடம் என்று எழுதிவைத்தால் கணக்கும் நடவாது, உணவும் நேரத்துக்கு ஆகாது.

தந்தை இருட்டிய பின் வேலையிலிருந்து திரும்புபவராயின், அவருக்குரிய மாலை உணவையும் காலையிலேயே கட்டிக் கொடுத்தனுப்ப வேண்டும். நோன்பு குடும்பம் முழுமைக்கும் உரியது; அதனால் பெருகும் வேலையோ ஒருத்தியின் தோளில் விழுகிறது. இரவுண்ணாமையின் பெருமையை மேடைதோறும் பேசுவோர் இதனைப் பேசுவது அரிது.

பெண்பிள்ளைக்குத் துடைப்பமும் ஆண்பிள்ளைக்குப் புத்தகமும் என்னும் பழைய பங்கீடு வீட்டுக்கல்விக்கு ஒவ்வாது. பத்து வயதுப் பையன் தடித்த துணியை இரண்டாக மடித்து நீர் வடிகட்டலாம். துணியில் தங்கியதை எடுத்த நீர்நிலையிலேயே சேர்க்கும் முறையையும் அப்போதே கற்றுக்கொள்வான். அரிசி அளப்பதும் காய் நறுக்குவதும் மூத்தவர்க்கு. மாலைப் பாத்திரங்களை வெளிச்சம் இருக்கும்போதே கழுவுவது எல்லோர்க்கும் பொது. அவ்வாரத்துக்குரிய காய்கறியும் மளிகையும் வாங்கி வருவது தந்தையின் பங்கு. அவர் அதற்குமுன் நாட்காட்டியைப் பார்த்தல் நன்று. அட்டமி, சதுர்த்தசி நாட்களில் பச்சைக் காய்களை விலக்கும் இல்லத்தில், அந்நாளுக்கென வாங்கிய கீரை வாடிப்போகும். அந்நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிடும் வேலையைக் கடைக்குட்டிக்குக் கொடுக்கலாம்.

முதல் வாரத்தில் பாடம் நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும். அதுவும் காலைச் சமையல் முடிந்து, பத்து மணிக்குப் பின்.