ஒரு பெயர், பல வேந்தர்

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



ஒன்பதாம் வகுப்புப் பயிலும் என் பெயர்த்தி, சென்ற திங்கள் தன் தேர்வுத்தாளை என்னிடம் கொண்டுவந்தாள். தலையாலங்கானத்துப் போரில் வென்ற வேந்தன் யார் என்பது ஒரு வினா. நெடுஞ்செழியன் என்று எழுதியிருந்தாள், முழு மதிப்பெண். கண்ணகியின் வழக்கில் முறைதவறித் தன் உயிரையே ஈந்த பாண்டியன் யார் என்பது அடுத்த வினா. அதற்கும் நெடுஞ்செழியன் என்றே எழுதியிருந்தாள். அதற்கும் முழு மதிப்பெண். "தாத்தா, இருவரும் ஒருவர் தாமே?" என்று கேட்டாள். அக்குழந்தைமேல் பிழையில்லை. ஆசிரியர்மேலும் பெரிதாகப் பிழையில்லை. இரண்டு விடைகளும் சரியானவையே. ஆயினும் அவள் உள்ளத்தில் இரண்டு வேந்தர்கள் ஒரு வேந்தனாகிப் போயினர். ஒருவன் அரசுகட்டிலிலேயே உயிர்விட்டவன். மற்றவன் இளமையிலேயே முடிசூடி, இருபெரு வேந்தரையும் ஐம்பெரு வேளிரையும் ஒரு களத்தில் வென்று, மதுரைக்காஞ்சிக்குத் தலைவனானவன். பாடநூல் தொகுத்தோர் அடைமொழியை வெட்டியெறிந்ததனால் வந்த கேடு இது.

அந்த அடைமொழிகளைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

ஒரு மரபில் ஒரே பெயர் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றது? விடை நம் வீட்டிலேயே இருக்கின்றது. மகனின் மகனை நாம் என்ன சொல்லி அழைக்கின்றோம்? பேரன் என்கின்றோம். அச்சொல்லின் திருந்திய வடிவம் பெயரன். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள். உறவுச் சொல்லிலேயே பெயரிடும் முறையைப் பொதிந்து வைத்த மொழி நம் மொழி. என் பெயர்த்தியும் என் தாயின் பெயரைத்தான் தாங்குகின்றாள். அரசர் குடியிலும் இதுவே வழக்கு. பிற்காலப் பாண்டியர் மாறன், சடையன் என்னும் இரு பட்டங்களை மாறிமாறிச் சூடியதும், சோழர் இராசகேசரி, பரகேசரி என்று மாறிமாறிப் புனைந்ததும் இந்தப் பாட்டன்-பெயரன் முறையின் நிழல் என்றே நான் கருதுகின்றேன்.

பெயர் ஒன்றானால் ஆள் வேறுபாட்டை எவ்வாறு காட்டுவது? மேலைநாட்டார் எண்ணிட்டனர். முதலாம் சார்லசு, இரண்டாம் சார்லசு என்பர். நம் முன்னோர் எண்ணிடவில்லை. ஒருவன் செய்த செயலைச் சொன்னார்கள். அல்லது அவன் உயிர்நீத்த இடத்தைச் சொன்னார்கள். புறநானூற்றின் பாட்டுகளுக்கு அடியில் தொகுத்தோர் வைத்த குறிப்புகளைப் பாருங்கள். பாண்டியருள் நன்மாறர் இருவர். ஒருவன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். மற்றவன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். சோழருள் கிள்ளிவளவர் இருவர். ஒருவன் குளமுற்றத்துத் துஞ்சியவன். மற்றவன் குராப்பள்ளித் துஞ்சியவன். காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி, கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி, கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்று இவ்வரிசை நீளும். செயலால் அறியப்பட்டோர் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன், கானப்பேரெயில் கடந்த உக்கிரப்பெருவழுதி போன்றோர். துஞ்சுதல் என்றால் உறங்குதல். இறந்தான் என்னாமல் உறங்கினான் என்ற நாகரிகத்தை ஒரு புறம் வையுங்கள். தொகுத்தவர்க்கு ஒரு கவலை இருந்திருக்கின்றது. பின்வருவோன் இவனையும் அவனையும் ஒருவனாக்கிவிடுவானே என்ற கவலை அது. பாடநூலார்க்கு இல்லாத கவலை.

இம்முறை கழகக் காலத்தோடு மாண்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். சோழர் கல்வெட்டுகளைப் படித்தால் மெய் சிலிர்க்கும். முதல் ஆதித்தனைத் தொண்டைமானாரூர்த் துஞ்சின உடையார் என்றும், அரிஞ்சயனை ஆற்றூர்த் துஞ்சின தேவர் என்றும், இராசராசனின் தந்தை சுந்தரசோழனைப் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்றும் குறித்தனர். 949ஆம் ஆண்டில் தக்கோலப் போர்க்களத்தில் யானைமீதிருந்தே வீழ்ந்தான் இராசாதித்தன். அவன் ஆனைமேல் துஞ்சின தேவர் ஆனான். நூறாண்டு கழித்து, 1054இல், கொப்பத்துப் போரில் இராசாதிராசனும் யானைமீதிருந்தே மாண்டான். இப்போது அடைமொழியும் ஒன்றாகிவிட்டதே, என்ன செய்வது? கல்வெட்டு எழுதியவன் திகைக்கவில்லை. கலியாணபுரமும் கொல்லாபுரமும் கொண்டு யானைமேல் துஞ்சியவர் என்று அவன் வெற்றியையும் சேர்த்து எழுதினான். புறநானூற்றைத் தொகுத்தவர்க்கும் இந்தக் கல்தச்சனுக்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகள்! நடுவில் எத்தனை ஆட்சிகள் மாறின! ஆனால் முறை மாறவில்லை. சொல்லும் மாறவில்லை.

இவ்விடத்தில் நம்மவர் சிலர், "எல்லாக் குழப்பமும் வடமொழிப் பெயர் வந்ததனால் விளைந்தது" என்பர். அவர்களோடு நான் பாதி உடன்படுகின்றேன். வழுதி, மாறன், செழியன், கிள்ளி, சென்னி, வளவன், கோதை, குட்டுவன், பொறை என்றிருந்த இடத்தில் பராந்தகனும் குலோத்துங்கனும் வந்து அமர்ந்தது உண்மை. வேள்விக்குடிச் செப்பேட்டைப் பாருங்கள். ஒரே ஆவணத்தில் கிரந்த எழுத்தில் வடமொழிப் பகுதி ஒன்று, வட்டெழுத்தில் தமிழ்ப் பகுதி ஒன்று. வடமொழிப் பகுதி சடிலன் என்று சொல்லும் வேந்தனைத் தமிழ்ப் பகுதி நெடுஞ்சடையன் என்கின்றது. அந்தச் செப்பேட்டுக்கு முன்னும் கடுங்கோன், செழியன் சேந்தன், கோச்சடையன் என்று தமிழ்ப்பெயர் தாங்கியோர் அரசுகட்டில் ஏறியிருக்கின்றனர். உலகம் இராசராசன் என்றறியும் வேந்தனின் பெயர் அருமொழி. அருமொழிதேவ வளநாடு என்று நாட்டுப் பிரிவுக்கே அப்பெயர் இருந்தது. தமிழ்ப்பெயர் அடியில் கிடந்தது. மேலே வேற்றுப் பட்டம் போர்த்தப்பட்டது. இவ்வளவும் சரி. ஆனால் நன்மாறர் இருவரும் கிள்ளிவளவர் இருவரும் தூய தமிழ்ப்பெயரினரே. பெயரொப்புமையின் குழப்பத்தை வடமொழி கொண்டுவரவில்லை. செய்யாத குற்றத்தை அதன்மேல் சுமத்தினால், செய்த குற்றத்தைச் சொல்லும்போது நம்மை எவரும் நம்பார்.

அரசர் பெயரைச் சூடியோர் அரசர் மட்டுமல்லர். மதுரையை அடுத்த மாங்குளத்து மலையில் 1882இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி என்பான் துறவிக்குக் கற்படுக்கை அமைத்ததைக் கூறுகின்றது. வழுதி என்பது பாண்டியர் குடிப்பெயர்களுள் ஒன்று. வேந்தனின் அலுவலனும் அப்பெயரைத் தாங்கியிருக்கின்றான்! சோழர் காலத்தில் இது பெருவழக்காயிற்று. வேந்தன் தன் பெயரையே பட்டமாக அளித்தான். இராசராச மூவேந்தவேளான் என்றும், இராசேந்திரசோழப் பிரமராயன் என்றும் அலுவலர் விளங்கினர். திருமுடிக்காரி ஆண்ட மலையமான் நாட்டில், அக்குடிப்பெயர் பூண்ட பிற்காலத் தலைவர் இராசராச சேதிராயன் எனப்பட்டனர். கல்வெட்டில் இராசராசன் என்று கண்டவுடன் வேந்தன் என்று துள்ளுவோர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

வேளிருள் அதியமான் குடியை மட்டும் சொல்லி அமைகின்றேன். திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981இல் கிடைத்த தமிழிக் கல்வெட்டில், பள்ளியை ஈந்தவனாக அதியன் நெடுமான் அஞ்சி நிற்கின்றான். அசோகனின் பாறையெழுத்துகளில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வினாவுக்கும் அக்கல்லே விடை தந்தது; ஏனெனில் அப்பெயரையும் அவனோடு சேர்த்தே எழுதியிருந்தது. அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. ஓராயிரம் ஆண்டுக்குப் பின்னும் தகடூரில் அதிகைமான் மகன் விடுகாதழகிய பெருமாள் என்றொருவன் இருந்தான். போளூரை அடுத்த திருமலையில், எழினி என்னும் சேரர்குல முன்னோன் செய்தளித்த இயக்கன், இயக்கி உருவங்களைத் தான் புதுக்கியதாகக் கல்லில் எழுதிவைத்தான். அந்த எழினி எந்த எழினி? அஞ்சியின் மகனா, அவன் வழிவந்த இன்னொருவனா? பெயர் ஒன்றாயிருப்பதனாலேயே அவனை அஞ்சியின் மகனென்று முடிவுகட்ட எனக்குத் துணிவில்லை.

நான் அஞ்சிச் சொல்லவேண்டிய செய்தியும் இதுதான். நம்மவர் மேடைகளில், "புறநானூற்று நெடுஞ்செழியன் மாங்குளக் கல்லில் இருக்கின்றான், ஆகவே அவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டினன்" என்று முழங்கக் கேட்கின்றோம். கல் கி.மு. 2ஆம் நூற்றாண்டினது என்று ஐராவதம் மகாதேவன் போன்றோர் கணித்தனர். நன்று, நமக்குப் பெருமை. ஆனால் அக்கல்லில் ஆரியப்படை கடந்த என்றும் இல்லை, தலையாலங்கானத்துச் செருவென்ற என்றும் இல்லை. வெறும் நெடுஞ்செழியன். இவர்களுள் ஒருவனாகலாம், இவர்க்கு முன்னவனாகலாம். பாடநூலார் அடைமொழியை வெட்டி இருவரை ஒருவராக்கினர் என்று பழித்தோமே, இல்லாத அடைமொழியை ஒட்டி இருவரை ஒருவராக்குவது அதனினும் எவ்வகையில் மேல்?

சேரன் செங்குட்டுவனின் காலமும் இப்படித்தான் ஒரு பெயரில் தொங்குகின்றது. கண்ணகி விழாவுக்கு இலங்கைக் கயவாகு வந்தான் என்று சிலம்பு சொல்கின்றது. ஈழத்து வரலாற்று நூலில் அப்பெயரினர் இருவர். ஒருவன் 2ஆம் நூற்றாண்டினன். மற்றவன் 12ஆம் நூற்றாண்டினன். பின்னவன் பொருந்தான், ஆகவே முன்னவனே என்று கொண்டனர். 1904இல் வெளிவந்த கனகசபை அவர்களின் ஆங்கில நூல் தொட்டு இன்றுவரை கழகக் காலக் கணிப்பின் பெரும்பகுதி இந்த ஆணியில் மாட்டியிருக்கின்றது. மகாவமிசமோ கண்ணகி விழாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முடிவு சரியாகவே இருக்கலாம். நானும் அதைத்தான் ஏற்கின்றேன். ஆனால் ஆணி ஒன்றுதான் என்பதை மறக்கலாகாது.

இதற்கு மாறாகப் புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டைக் காணுங்கள். ஆதன் சேரல் இரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையை வரிசையாகச் சொல்கின்றது. பதிற்றுப்பத்தின் இரும்பொறை மரபோடு அறிஞர் இதை ஒப்பிடுவது வெறும் பெயரைக் கொண்டன்று. எல்லாக் கண்ணியும் பொருந்திவிடவில்லை. எனினும் ஒரு பெயர் சொல்லும் சான்றைவிட ஒரு கொடிவழி சொல்லும் சான்று எவ்வளவு வலியது!

எண்ணிடும் முறையை நான் வெறுப்பதாக எண்ணவேண்டா. 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியரை எண்ணில்லாமல் எவராலும் பிரிக்கவியலாது. 1216இல் முடிசூடியவன் மாறவர்மன் சுந்தரபாண்டியன். 1238இல் முடிசூடியவனும் மாறவர்மன் சுந்தரபாண்டியன். 1251இல் முடிசூடியவன் சடையவர்மன் சுந்தரபாண்டியன். அவன் காலத்திலேயே ஒரு வீரபாண்டியனும் உடன் ஆண்டான். 1310ஐ ஒட்டித் தம்முள் பொருது நாட்டை அயலார்க்குத் திறந்துவிட்ட உடன்பிறந்தார் பெயரும் சுந்தரபாண்டியன், வீரபாண்டியன்! கல்வெட்டுகளில் உள்ள கிழமை, பிறைநாள், விண்மீன் ஆகியவற்றைக் கணக்கிட்டு இவர்களைப் பிரித்தெடுத்தவர் கீல்கார்ன், சாமிக்கண்ணுப் பிள்ளை, குடந்தை சேதுராமன் ஆகியோர். அவர்தம் உழைப்புக்குத் தலைவணங்குவோம். எண் அறிஞர்க்கு வேண்டும், பிறைவளைவுக்குள் இருக்கட்டும். ஆனால் சோணாடு வழங்கியருளிய சுந்தரபாண்டியன் என்று கல்லே சொல்லும்போது, முதலாம் மாறவர்மன் என்று மட்டும் எழுதிக் குழந்தையின் கையில் கொடுப்பது ஏன்? வென்ற நாட்டை வழங்கினான் என்ற வரலாறு அப்பெயருக்குள்ளேயே இருக்கின்றதே!

ஆகவே, இங்குள்ள இளைஞர்க்கு ஒரு வேலை தருகின்றேன். உங்கள் ஊர்க்கோயில் சுவரைப் பாருங்கள். திருப்பணி என்ற பெயரில் சுண்ணம் பூசியும் மணல் பீய்ச்சியும் எழுத்தை அழித்துவிட்ட சுவர்கள் பல. எஞ்சிய சுவரில் துஞ்சின, கொண்ட, தவிர்த்த, வழங்கியருளிய என்னும் சொற்களைத் தேடுங்கள். அவற்றை அடுத்து ஒரு வேந்தன் பெயர் இருக்கும். எழுத்துப் பிறழாமல் படியெடுங்கள். விளங்காத எழுத்தை ஊகித்து நிரப்பாதீர்கள், புள்ளியிட்டு விடுங்கள். ஊர், கோயில், எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனையாவது வரி என்பனவற்றையும் குறித்து அடுத்த திங்கட் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். என் பெயர்த்தியும் ஒரு குறிப்பேட்டோடு வருவாள்.