துணையோடு நோற்கும் நோன்பு

(கொள்ளுப்பிட்டியில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கஞ்சாப் பழக்கத்தை விடுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்த மேடையில் இப்பேச்சு எதற்கு என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நமது வீட்டுப் பிள்ளைகளை அது தொடாதிருந்தால் நானும் பேசவேண்டியதில்லை.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். என் தமக்கையின் மகன் 17 வயதில் தொடங்கிய பழக்கத்தை 26 வயதில் விட எண்ணி, ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்தான். "மாமா, விடப் பார்க்கிறேன், முடியவில்லை" என்றான். நானோ குடும்ப மானத்தைப் பற்றிப் பேசினேன். குறளில் கள்ளுண்ணாமை என்றோர் அதிகாரம் இருப்பது தெரியாதா என்று கேட்டேன். தலை குனிந்து எழுந்து போனவன் இரண்டு வருடம் என் வீட்டுப் படி ஏறவில்லை. உதவி கேட்டு வந்தவனுக்கு உபதேசம் செய்து அனுப்பிவிட்டேன்.

மனவுறுதி இருந்தால் விட்டுவிடலாம் என்றே நானும் நம்பியிருந்தேன். அது பாதி உண்மைதான். மறுபாதியை அறிவியல் சொல்லுகிறது. கஞ்சாவில் மயக்கந்தரும் பொருளை 1964 இல் இஸ்ரவேல் நாட்டு அறிஞர் மெக்கூலம் தம் தோழரோடு பிரித்தெடுத்தார். அதே வகையில் வேலை செய்யும் ஒரு பொருள் நம் மூளையிலேயே இயற்கையாகச் சுரப்பதை 1992 இல் அவரது ஆய்வுகூடத்தார் கண்டறிந்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஆனந்தமைடு'; நமது 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்தே எடுத்தது. நாள்தோறும் புகைப்பவனுடைய மூளையில் இந்த ஆனந்தத்தை ஏற்கும் வாயில்கள் குறைந்துபோகின்றன. ஏறக்குறைய நான்கு வாரம் விலகியிருந்தால் அவை பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன என்று 2012 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

ஆனால் அந்த நான்கு வாரத்தைக் கடக்கவேண்டுமே! விட்ட ஓரிரு நாளிலேயே எரிச்சலும் நித்திரையின்மையும் வந்துவிடும், உணவு பிடியாது, வியர்க்கும், பயங்கரக் கனவுகள் தோன்றும். முதல் வாரமே மிகக் கடினம். பின்னர் மெல்லத் தணியும். இதை அறியாதவன், "இது இல்லாமல் நான் வாழ முடியாது" என்று எண்ணி மூன்றாம் இரவிலேயே தோற்றுப்போகிறான்.

சிவபெருமானுக்கு உகந்த மூலிகை என்று சிலர் சமாதானம் சொல்லுவர். ஆலகால விடத்தையுந்தான் அவர் உண்டார். அதை உண்ண நாம் துணிவோமா?

நமது சமயத்திலேயே இதற்கு நல்ல வழி இருக்கிறது. ஐயப்பனுக்கு மாலையணிபவர் 41 நாள் எப்படி நோற்கிறார்? நாள் குறிக்கிறார். விடியலில் நீராடுகிறார். விலக்கவேண்டியவற்றை விலக்குகிறார். வழிகாட்டக் குருசாமி இருக்கிறார்; உடன் நோற்கும் சாமிமார் இருக்கிறார்கள். தனியே முடியாதது கூட்டாக முடிகிறது.

தமக்கை நோயுற்றபோது மருமகனை மீண்டும் சந்தித்தேன். இம்முறை நான் பேசவில்லை; அவன் சொன்னதைக் கேட்டேன். இருவருமாக ஒரு நாள் குறித்தோம். மிச்சமிருந்ததையும் சுற்றும் தாளையும் எறிந்தான். புகையிலையோடு கலந்தே புகைத்தவனாதலால் சிகரெட்டையும் உடன் நிறுத்தினான். மாலை ஆறு மணிக்கு மரைன் டிரைவ் பக்கம் நண்பரோடு கூடுவதே அவன் வழக்கம். அந்த ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வரச் சொன்னேன். இருவரும் கோயிலுக்கு நடந்தோம். ஒவ்வொரு நாளையும் ஒரு கொப்பியில் குறித்தான். பத்தொன்பதாம் நாள் தவறினான். மறைக்காமல் வந்து சொன்னான். "நாளை முதலாம் நாள்" என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை. இப்போது மூன்று வருடமாகிறது.

வீட்டுத் துணை மட்டும் போதாதவர் உண்டு. 1984 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை உளவளத்துணை வழங்குகிறது. 1927 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். கொழும்பில் சுமித்ரயோவின் 'மெல் மெதுர' நிலையமும் இப்பணியைச் செய்கிறது. காதில் குரல் கேட்பவரும் உயிரை மாய்க்க எண்ணுபவரும் ஒருநாளும் தாமதியாமல் வைத்தியரிடம் செல்லவேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடிப்பழக்கத்துக்குத் தம் கணவரைப் பறிகொடுத்தபின், 1980 இல் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே குடும்பத்தவருக்கும் பயிற்சி உண்டு. நோய் ஒருவருக்கு, பாடம் வீட்டாருக்கும்.

பெரியோர்களே, உங்கள் வாசலுக்கு ஒரு பிள்ளை வந்து "முடியவில்லை" என்றால், முதலில் இருக்கச் சொல்லுங்கள். ஒரு தேநீர் கொடுங்கள். புத்திமதியை நாளைக்கு வைத்திருங்கள். இளைஞர்களே, விட விரும்புபவன் வெட்கப்படவேண்டியதில்லை. ஊர் கூடித்தான் தேர் இழுக்கிறோம். நாள் குறித்துக்கொண்டு வாருங்கள். ஆறு மணிக்கு உடன் நடக்க நான் இருக்கிறேன்.