நட்ட பிறகு வரும் கோடைகள்



தென்காசியில் படித்தவர்களுக்குச் சாரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மழைத்தண்ணீர் குற்றால அருவிகளுக்குக் கீழே எங்கே போகிறது என்பதைத்தான் பேச வந்தேன். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, ஐந்தருவியாற்றையும் குண்டாற்றையும் அனுமன்நதியையும் சேர்த்துக்கொண்டு, வழியில் குளங்களை நிரப்பி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. மேலே காடு கெட்டால் கீழே குளம் கெடும். இந்தக் காட்டையும் குளங்களையும் மீட்பதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, எதில் செலவாகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று பட்டம் பெறும் உங்களில் சிலர் நாளை அந்தப் பணத்துக்கு விண்ணப்பம் எழுதப் போகிறீர்கள்.

பணமே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2011இல் தொடங்கிய தமிழ்நாடு பல்லுயிர்ப் பாதுகாப்பு மற்றும் பசுமைத் திட்டத்தின் மதிப்பு 686 கோடி ரூபாய். ஜப்பானின் பன்னாட்டு ஒத்துழைப்பு நிறுவனமான ஜைக்கா அதற்குக் கொடுத்தது கடன்; நம் வரிப்பணத்திலிருந்து திரும்பப் போவது. காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுப்பவர்கள் கட்டும் இழப்பீட்டுத் தொகையைக் காடு வளர்ப்புக்குச் செலவிட 2016இல் தனிச் சட்டமே வந்தது. உலக வங்கி உள்ளிட்ட பல அமைப்புகள் சேர்ந்து நடத்தும் நிதியம் ஒன்று, 2008க்குப் பிறகு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மானியம் தந்தது. செங்கோட்டைக் கணவாயை உள்ளடக்கிய பெரியாறு – அகத்தியமலை வழித்தடமும் அதில் இடம்பெற்றது. அந்த மானியத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பைப் பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனம் ஏற்றது. கடனா, மானியமா, இழப்பீடா என்பதைப் பொறுத்தே பணத்தின் நிபந்தனைகள் மாறும். எந்தத் திட்டத்தைப் படித்தாலும் முதலில் அதைக் கேளுங்கள்.

இவற்றையெல்லாம்விட என் மனத்தில் நிற்பது, 1990களில் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சுற்றி உலக வங்கி உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டம். அந்தப் பணத்தில் ஒரு பங்கு காட்டுக்குள் போகாமல் ஊருக்குள் போனது. கிராம வனக்குழுக்கள் அமைந்தன. விறகுச் சுமை தூக்கிப் பிழைத்தவர்களுக்கு வேறு தொழில் செய்யச் சிறுகடன் கிடைத்தது. அடுப்பெரிக்க வழியில்லாத வீட்டிடம் மரத்தை வெட்டாதே என்று சொல்வது நியாயமில்லை என்பதை அந்தத் திட்டம் புரிந்துகொண்டிருந்தது.

ஆனால் பெரும்பாலான விண்ணப்பங்களில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கன்று வாங்க, குழி தோண்ட, நட, பலகை வைக்கப் பணம் கேட்கிறோம். நட்ட பிறகு வரும் கோடைகளுக்குக் கேட்பதில்லை. காட்டில் களையாகப் பரவும் உண்ணிச்செடியை ஒரு முறை வெட்டினால் போதாது. அடுத்த மழையில் வேரிலிருந்து துளிர்க்கும், பறவைகள் விதையைக் கொண்டுவந்து போடும். ஆண்டுதோறும் போய்க் களைய வேண்டும். ஆற்றங்கரையில் நட்ட நீர்மருதும் நாவலும் ஓடைக்கு நிழல் தரவே பல ஆண்டுகள் ஆகும். நிழல் விழுந்தால்தான் கோடையிலும் தண்ணீர் குளிர்ந்திருக்கும். உதிரும் இலையைத் தின்னப் பூச்சி வரும், பூச்சியைத் தின்ன மீன் வரும், மீனைத் தேடி நீர்நாய் வரும். தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய கெண்டை இனம் ஒன்று உண்டு. 1954இல் சைலாஸ் என்ற மீனியலாளர் அதை விவரித்தார். உலகில் இந்தப் படுகையைத் தவிர வேறெங்கும் அது இல்லை. இன்று அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. மூன்றாண்டு மானியக் கணக்குக்குள் அந்த மீனின் வீட்டை யாரும் திருப்பிக் கட்டிவிட முடியாது.

எனவே பராமரிப்பைத் தனித் தலைப்பாக எழுதுங்கள். பத்தாண்டுக்கு எழுதுங்கள். உள்ளூர்க் காவலருக்கும் களை எடுப்பவருக்கும் கூலி எழுதுங்கள். எத்தனை கன்று நட்டோம் என்பதோடு எத்தனை பிழைத்தன என்பதையும் அறிக்கையில் சொல்வோம் என்று நீங்களே முன்வந்து உறுதி கொடுங்கள். நிதி தருபவர் முகம் சுளித்தாலும் கொடுங்கள்.

பணத்துக்கு முன்பே மனிதர்கள் காவலிருந்த இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூரில், மருத மரங்களில் கூடுகட்டும் பறவைகளை ஊரார் பாதுகாத்து வந்தார்கள். அவர்கள் விருப்பத்தாலேயே 2005 பிப்ரவரி 14 அன்று அது பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. அப்படிப்பட்ட ஊரைத் தேடிப் போய்ச் சேரும் மானியம் வீணாகாது.

தாமிரபரணிப் படுகைக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். தென்காசிக் குளங்களும் அதில் உண்டு. எந்தக் குளத்துக்கு உதவி தேவை என்று நிதி தருபவரிடம் காட்ட, இப்படித் தொடர்ந்து எடுத்த கணக்கைவிட நல்ல சான்று இல்லை. கணக்கெடுப்பு நடக்கும்போது உங்கள் ஊர்க் குளத்தில் கணக்கெடுக்கப் பெயர் கொடுங்கள். வேலை கிடைத்து வெளியூர் போனாலும் அந்த நாள்களில் விடுப்பு எடுத்து வாருங்கள்.