வாத்துகள் பாடும் ஏடு

ஜேர்மனி நாட்டின் தென்பகுதியில் நூரெம்பேர்க் என்னும் பழம்பெரும் நகர் ஒன்று உளது. அந்நகரத்துப் புனித லோறன்ஸ் தேவாலயத்தின் பாடகருக்கென 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பெற்ற ஒரு பெரும் பாடல் நூல், இன்று நியூயோர்க் நகரின் மோர்கன் நூலகத்திற் பேணப்படுகின்றது. 'வாத்து நூல்' என்பது அதற்கு வழங்கும் பெயர். இறைவழிபாட்டுக்குரிய நூலுக்கு இத்தகைய பெயர் வாய்த்தது எங்ஙனம்? அதன் முதற் பாகத்தில், ஓர் ஏட்டின் கீழ் ஓரத்தில் வரையப்பெற்ற சிறிய ஓவியமே அதற்குக் காரணம். அந்த ஓர் ஏட்டைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

ஓவியத்தைக் காணுமுன், அதனைத் தாங்கி நிற்கும் நூலை அறிதல் வேண்டும். நூலின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 65 சென்ரிமீற்றர் உயரமும் 45 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. இரண்டு பாகங்களிலும் சேர்த்து 1120 பக்கங்கள் உள. இத்துணைப் பெரிய நூல் எதற்கு? அக்காலத்தில் பாடுவோர் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு நூல் இருந்ததில்லை. குழுவினர் அனைவருக்கும் ஒரே நூல். அதனைச் சாய்வான உயர்ந்த தாங்கியின்மேல் விரித்து வைப்பர். குருமாரும் தேவாலயப் பாடசாலைச் சிறுவரும் அதன்முன் கூடி நின்று பாடுவர். பின்வரிசையில் நிற்கும் சிறுவனுக்கும் எழுத்துத் தெரிதல் வேண்டுமன்றோ? ஆதலால் நூல் பெரிதாயிற்று, எழுத்தும் பெரிதாயிற்று.

ஏடுகள் கடதாசியால் ஆனவை அல்ல. பதப்படுத்திய தோலால் ஆனவை. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, வளைந்த கத்தியாற் சுரண்டி மென்மையாக்குவர். பின்னர் கோடு கிழித்து, இலத்தீன் மொழிப் பாடலைக் கருமையால் எழுதி, அதன்மேல் இசைக் குறிகளை இடுவர். ஜேர்மானிய நாடுகளில் வழங்கிய அக்குறிகள் குதிரை இலாடத்து ஆணியைப் போன்ற வடிவின. ஆதலால் 'இலாட ஆணிக் குறி' என்றே அவற்றைப் பெயரிட்டழைத்தனர். பொன்னிட வேண்டிய இடத்தில் முதலிற் பசைப்பூச்சு இட்டு, அதன்மேல் மெல்லிய பொற்றகட்டை ஒட்டி, வழவழப்பான கல்லாலோ விலங்கின் பல்லாலோ தேய்த்து மெருகேற்றுவர். மெழுகுதிரியின் ஒளி அசையுந்தோறும் பொன்னும் அசைவதுபோற் தோன்றும்.

இந்நூலை எழுதியவர் அத்தேவாலயத்தைச் சேர்ந்த குருவாகிய பிரீட்றிக் றோசன்டோர்ன் என்பார். ஓவியங்களைத் தீட்டியவர் யாக்கோப் எல்ஸ்னர் என்னும் நூரெம்பேர்க் ஓவியர். 1503ஆம் ஆண்டளவில் தொடங்கிய பணி 1510இல் நிறைவெய்தியது. அச்சுக்கலை அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே பிறந்துவிட்டது என்பதை நினைவிற் கொள்க. படங்கள் நிறைந்த புகழ்பெற்ற உலக வரலாற்று நூலொன்று 1493இல் இதே நகரில், அன்ரன் கோபர்கரின் அச்சகத்தில் அச்சேறியிருந்தது. எனினும் தம் கோவிலுக்கென ஒரே ஒரு நூலைக் கையால் எழுதுவிக்க அம்மக்கள் பல ஆண்டுகளைச் செலவிட்டனர். அச்சகம் பலருக்கும் பொதுவான நூலைத் தந்தது. இதுவோ ஒரு கோவிலின் ஒரு பாடகர் குழுவுக்கே உரியது.

இனி அவ்வோவியத்தைக் காண்போம். மேலே பாடலும் இசைக் குறிகளும் ஒழுங்காகச் செல்கின்றன. கீழே, ஓரத்தில், வாத்துகள் ஒரு பெரிய பாடல் நூலின்முன் கூடி நின்று பாடுகின்றன. அவற்றைப் பாடுவிக்கும் ஆசான் யார்? ஓர் ஓநாய்! 'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்' என்பது நம்மவர் பழமொழி. இங்கோ ஓநாய் அழவில்லை, இசை கற்பிக்கின்றது. அம்மட்டோ? பாடகரோடு பாடகராக நரி ஒன்றும் வந்து சேர்ந்து, வாத்து ஒன்றை நோக்கிப் பாதத்தை நீட்டுகின்றது. பாட்டிலே மூழ்கிய வாத்துகளோ அதனை உணர்ந்தனவாகத் தோன்றவில்லை.

இதன் பொருளை அறிஞர் பலவாறு உரைப்பர். நரி வாத்துகளுக்குப் பிரசங்கஞ் செய்யும் காட்சி, இடைக்கால ஐரோப்பாவில் கல்லிலும் மரத்திலும் ஏட்டிலும் பலமுறை இடம்பெற்ற ஒன்று. போலிக் குருமாரைச் சாடுவதே அதன் நோக்கம் என்பர் சிலர். இளஞ்சிறுவரைச் சிரிப்பிக்கத் தீட்டிய வேடிக்கை என்பர் வேறு சிலர். என் சிறுமதிக்கு எட்டுவது ஒன்றுண்டு. இவ்வோவியத்தைக் கண்டிருக்கக் கூடியவர் யார்? அந்நூலின்முன் நின்று பாடியவரே. பெரிய நூலைச் சூழ்ந்து நிற்கும் வாத்துகளைக் கண்ட சிறுவர், பெரிய நூலைச் சூழ்ந்து தாமே நிற்பதையும் கண்டனர். ஏடு அவர்களுக்குக் கண்ணாடியாயிற்று. 'பாடுக, ஆயினும் பாடுவிப்பவன் யார், அருகில் நிற்பவன் யார் என்பதையும் நோக்குக' என்று அது சொல்லாமற் சொல்லிற்று. வழிபாட்டு நூலிலேயே இந்நகைப்புக்கு இடமளித்தோர், தம்மைத் தாமே எள்ளி நகைக்க அஞ்சாதவர் எனலாம்.

1525இல் நூரெம்பேர்க் நகரம் சீர்திருத்தச் சமயத்தைத் தழுவியது. வழிபாட்டு முறை மாறவே, நூல் வழக்கொழிந்தது. இவ்வாறு வழக்கொழிந்த பாடல் நூல்கள் பலவற்றுக்கு நேர்ந்த கதி இரங்கத்தக்கது. வலிய தோல் என்பதற்காக அவற்றின் ஏடுகளைக் கிழித்துக் கணக்குப் புத்தகங்களுக்கு மேலுறையாக்கினர். பிற்காலத்தில், 19ஆம் நூற்றாண்டில், சேகரிப்போர் அழகிய எழுத்துகளையும் ஓவியங்களையும் கத்தரித்து எடுத்துச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினர். இன்று உலகின் அரும்பொருட்சாலைகள் பலவற்றிற் காணப்படும் தனி ஏடுகளுள் மிகப்பல இவ்வாறு பிரிக்கப்பட்டவையே.

வாத்து நூல் அக்கதிக்குத் தப்பியது. இரண்டாம் உலகப் போரிற் குண்டுகள் வீழ்ந்து புனித லோறன்ஸ் தேவாலயம் பெருஞ்சேதமுற்றது. அதனைப் புதுக்க அமெரிக்காவின் கிறெஸ் அறநிலையம் பெரும்பொருள் உதவிற்று. அந்நன்றிக்கு அறிகுறியாக 1952இல் இந்நூல் அவ்வறநிலையத்துக்கு அளிக்கப்பட்டது. 1962இல் அது மோர்கன் நூலகத்தைச் சேர்ந்தது. ஊரை நீங்கியதேனும் உடல் சிதையவில்லை. இன்று அதன் பக்கங்கள் அனைத்தையும் இணையத்திற் காணலாம். அதிலுள்ள பாடல்கள் சிலவற்றை இக்காலப் பாடகர் பாடக் கேட்கவும் செய்யலாம்.

அந்த வாத்து ஓவியத்தையும் ஒருவர் கத்தரித்து எடுத்திருப்பின் யாது எஞ்சியிருக்கும்? வேடிக்கையான படமொன்று எஞ்சியிருக்கும். நாமும் சிரித்துவிட்டு அப்பாற் சென்றிருப்போம். மேலே பாடலும், முன்னே பாடுவோரும் இருந்தாலன்றி அச்சிரிப்பின் உட்பொருள் விளங்காது. ஆகவே, நேயர்களே, பழைய நூலொன்றின் தனி ஏட்டை எங்கேனும் காண நேர்ந்தால், அதன் பொன்னையும் வண்ணத்தையும் வியப்பதோடு அமையாது, 'இதன்முன் நின்று பாடியவர் யாவர்?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவ்வினா எழும்போதே, பிரிந்த ஏடு தன் நூலை நோக்கிச் சிறிது தூரம் திரும்பிச் செல்கின்றது.