ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பழைய கார்



மத்திய அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கிக் காலங்கழிக்கும் ஒருவனுக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். உறவு சொல்லிலேதான் தொடங்கிற்று. அதனை ‘விளையாட்டுக் கார்’ என்று எழுதினால் குழந்தைகள் கயிறு கட்டி இழுக்கும் பொம்மை நினைவுக்கு வருகிறது; ‘பந்தயக் கார்’ என்றாலோ பொருளே வேறாகிவிடுகிறது. ஆதலால் ஸ்போர்ட்ஸ் கார் என்றே சொல்லிவிடுகிறேன். இருவர் அமரும் இருக்கை, தரையை ஒட்டிய தாழ்ந்த உடல், மடக்கத்தக்க கித்தான் கூரை, குறைந்த எடை, இவை அமைந்த வண்டி அது. மளிகைச் சாமான் ஏற்றி வரவோ, மாமனார் மாமியாரை ரயிலடிக்கு அழைத்துச் செல்லவோ அது உதவாது. ஓட்டுகிறவனுடைய உவகை ஒன்றுக்காகவே அது செய்யப்பட்டது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தின்மீது மோட்டார்ப் பந்தயங்கள் நடந்து வந்ததை உங்களுள் பலர் அறிவீர்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் வருவதற்கு முன் சோழவரமே நமக்கெல்லாம் மோட்டார்த் திருத்தலம். தகப்பனார் தோளில் அமர்ந்து அங்கே பந்தயம் பார்த்தவன் நான். உத்தியோகம் என்னை மைசூருக்குக் கொண்டுவந்து, ராமாபுரத்தில் குடியமர்த்திய பின்னும் அந்த ஆசை அடங்கவில்லை. நாற்பது வயதைக் கடந்த பிறகு அது கிளர்ந்தெழுந்தது. வாரத்தில் ஆறு நாள் பிறர் எழுதிய வாக்கியங்களோடு வாழ்கிறவனுக்கு, ஏழாம் நாள் தன் கையும் காலும் தன் ஏவலுக்கு உட்பட்டு இயங்க வேண்டும் என்ற வேட்கை பிறப்பது இயல்பு அன்றோ?

முதலில் என் மனத்தைக் கவர்ந்தது ஓர் எம்.ஜி., டி.டி. வகையைச் சேர்ந்தது. 1949இன் பிற்பகுதி முதல் 1953 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. நீண்ட மூக்கு, இருபுறமும் அலைபோல எழுந்து தாழும் மட்கார்டுகள், பின்புறத்தில் நிமிர்ந்து நிற்கும் பெட்ரோல் தொட்டி. பெங்களூரில் ஒரு கொட்டகையில் அதைக் கண்டேன். கண்டவுடனே மகளின் கல்லூரிப் படிப்புக்கென வங்கியில் இட்டிருந்த நிரந்தர வைப்பை மனத்துக்குள் உடைத்தும் விட்டேன். அன்றைக்கே முன்பணம் தரவேண்டும் என்றார் விற்பனை செய்தவர்.

நல்ல வேளையாக, மைசூரில் ஐம்பது ஆண்டாகப் பழைய கார்களைப் பழுதுபார்த்து வரும் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போயிருந்தேன். அவர் எஞ்சினைத் திறக்கவே இல்லை. கதவைத் திறந்து மெல்லத் தூக்கிப் பார்த்தார். கதவோடு தூணும் அசைந்தது. அவ்வகை வண்டிகளின் உடலுக்குள்ளே இருப்பது மரச்சட்டம். தகரத்துக்கு மேலே பூசிய புதிய வண்ணம் பளபளத்தது. உள்ளே மரம் உளுத்துப் போயிருந்தது. பிறகு பதிவுச் சான்றிலுள்ள எண்ணைச் சேஸிஸில் பொறித்திருந்த எண்ணோடு ஒப்பிட்டார். இரண்டும் பொருந்தவில்லை. “சார், மரத்தை ஆசாரி மாற்றிக் கொடுத்துவிடுவார். நம்பரை யார் மாற்றிக் கொடுப்பது?” என்று என் காதோடு சொன்னார். வீடு திரும்பும் வரை நான் வாய் திறக்கவில்லை. நடந்ததைக் கேட்ட என் மனைவி வைப்புச் சீட்டை எடுத்து வேறு பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவி இன்றளவும் எனக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

அந்தப் பெரியவர்தாம் எனக்கு ஹெரால்டைக் காட்டினார். ஸ்டாண்டர்ட் ஹெரால்டை உங்கள் வீட்டு முதியவர்கள் நன்கு அறிவார்கள். 1948இல் சென்னையில் தோன்றிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், வண்டலூர்ப் பக்கத்துத் தன் ஆலையில் 1961 முதல் செய்து வந்த கார் அது. அதன் மூலமான இங்கிலாந்து டிரையம்ப் ஹெரால்டு 1959இல் வெளிவந்தது. வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, அதே மிக்கெலோட்டி மேலுடல் வரைய, 1962இல் பிறந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆக, நம் தெருக்களில் வக்கீல்களும் டாக்டர்களும் ஓட்டிச் சென்ற அடக்கமான கார், ஸ்பிட்ஃபயருக்கு உடன்பிறந்த அண்ணன். நான் தேடியது இரு கதவு கொண்ட பழைய வகை. இருக்கை நான்கு என்பதால் அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று எவரும் ஒப்ப மாட்டார்கள். எனக்கு அதனால் குறையொன்றும் இல்லை. மகள் பின்னால் உட்கார்ந்து கொள்கிறாள்.

அதன் சிறப்பெல்லாம் பழுதுபார்ப்பவனுக்கு அது காட்டும் கருணையில் இருக்கிறது. மட்கார்டுகளோடு சேர்ந்த முன்மூடி முழுதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். டயரின்மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினைச் சரிசெய்யலாம். திரும்பும் வட்டம் ஏறக்குறைய 25 அடிதான். குறுகிய சந்திலும் ஒரே மூச்சில் திரும்பிவிடும். உதிரிப்பாகங்கள் எம்.ஜி.க்கும் கிடைக்கும், ஆனால் கடல் கடந்து, சுங்கம் கட்டி வரவேண்டும். ஹெரால்டின் பாகத்தையோ சென்னையில் ஒரு பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடிக்கலாம். கிடைக்காவிடில் லேத்துப் பட்டறையில் கடைந்து கொள்ளலாம். எந்தக் காரை வாங்குவது என்று என்னைக் கேட்பவர்களிடம், உங்கள் ஊரில் எந்தக் காரைப் பழுதுபார்க்க ஆள் இருக்கிறார் என்றே நான் திருப்பிக் கேட்கிறேன்.

வாங்குமுன் கீழே படுத்துப் பார்க்க வெட்கப்படாதீர்கள். ஹெரால்டின் சேஸிஸிலிருந்து இருபுறமும் நீளும் கைச்சட்டங்கள் துருவுக்கு இரையாகும் முதல் இடம். தரைத் தகடு, கதவுக்கீழ்ப் பகுதி இவற்றில் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையெனில் உள்ளே இருப்பது தகரம் அன்று, பூச்சு. கூரையைக் கழற்றித் திறந்த வண்டியாக மாற்றித் தருவதாகச் சொல்வோரிடம் செல்லாதீர்கள். பதிவுச் சான்றிலுள்ள விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது.

சட்டம் என்றதும், பிற மாநிலங்களில் வாழும் நமக்கு உரிய செய்தி ஒன்று. ஊரிலிருந்து அப்பாவின் பழைய காரைக் கொண்டுவந்து இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், 47ஆம் பிரிவின்படி புதிய பதிவு எண் பெற்றாக வேண்டும். ஊர் அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும், இம்மாநில வரியும் அதற்கு வேண்டும். தில்லி நேயர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு 2015இல் பசுமைத் தீர்ப்பாயமும், 2018இல் உச்ச நீதிமன்றமும் அங்கே தடை விதித்தன.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021இல் வந்த விதிகளின்படி, 20,000 ரூபாய் கட்டி ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட தனிப்பதிவு பெறலாம். பெருமையான எண்தான். ஆனால் அப்பதிவு பெற்ற காரைக் கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற சில காரியங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். ஞாயிறுதோறும் நஞ்சன்கூடு போய்வர விரும்புகிறவன் அந்தப் பெருமைக்கு ஆசைப்படலாகாது. பழைய சாதாரணப் பதிவு உயிரோடு இருக்கும் வண்டியையே தேடவேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு அந்தக் கட்டணம் 2025இல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. அறிவிக்கையைப் படித்தபோது, ஒரு சுழியம் அச்சுப்பிழையோ என்று ஐயுற்றேன், பிழை இல்லை.

இன்னொன்று பெட்ரோல். இப்போது பங்க்குகளில் கிடைப்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்தது. அக்காலத்து ரப்பர்க் குழாய்களும், பெட்ரோல் பம்பின் ரப்பர்த் தகடும் அதைத் தாங்கா, இளகிக் கசியும். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் கசிந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. வாங்கிய முதல் வாரத்திலேயே எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றினேன்.

பழைய ஹெரால்டை ஓட்டுவதிலும் ஒரு நெளிவு உண்டு. பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அமைப்பு அதற்கு. வளைவில் விரைந்து நுழைந்து, அஞ்சித் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்நோக்கி மடிந்து வண்டி சுழலக்கூடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் மெல்ல மிதித்துக் கொண்டே வெளிவர வேண்டும். பிரேக்கும் டிரம் பிரேக்தான். சாமுண்டி மலையிலிருந்து இறங்கும்போது இரண்டாம் கியரில் இறங்கினால்தான் அடிவாரத்தில் அது மிஞ்சும். 2023இல் திறந்த பெங்களூர் விரைவுச் சாலைப் பக்கம் நான் போவதில்லை. அங்கே மற்றவர்கள் நூறில் போகிறார்கள். நமக்கு ஐம்பதிலேயே காற்றும் ஓசையும் போதிய அளவு கிடைத்துவிடுகிறது.

ஆதலின் விடியற்காலையில் நஞ்சன்கூடு சாலைதான். ஃபேன் பெல்ட் ஒன்று, பிளக்குகள் இரண்டு, ஒரு குடம் தண்ணீர். கபிலையாற்றங்கரையில் முன்மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஆறவிட்டு, ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன காப்பியைக் குடிக்கிறோம். ஒன்பது மணி வெயில் ஏறுமுன் ராமாபுரம் திரும்பி, பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டுக் கித்தானைப் போர்த்தி விடுவேன். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வழக்கம்போல ஸ்கூட்டர்.